இடப்பக்கச் சில்லு

அச்சுவேலி
14.02.1993

அன்புள்ள தம்பி தியாகலிங்கத்துக்கு,

நானும் அண்ணியும் சுகம். அங்கே நீயும் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறோம். உன் தைப்பொங்கல் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. பொங்கல் ஆறினாலும் கடிதம் ஆறவில்லை.

நிற்க. காரைப் பற்றி எழுதாமல் முடியாது. ஊரெல்லாம் ஒஸ்டினும் மொறிசும் வாங்கியபோது, "முன்சில்லுக்கு டிஸ்க் பிறேக் அண்ணை, மிதிச்ச இடத்திலை நிக்கும்" என்று சொல்லி இந்தக் கொர்ட்டினாவை என் தலையில் கட்டியவன் நீ. போன கிழமை கோப்பாய்ச் சந்தியில் மிதித்தேன். கார் யோசித்து யோசித்து நாலு வீடு தள்ளித்தான் நின்றது. சில்லைக் கழற்றிப் பார்த்தால், சில்லோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு இரண்டும் தேய்ந்து போய் விளிம்பில் வரப்புக் கட்டியிருக்கிறது. இடப்பக்கத் தட்டில் ஆழமான கீறல்களும் உண்டு. இங்கே யாழ்ப்பாணத்துக்குள் காருக்கு உரிய சாமான் எதையும் கொண்டுவர அரசாங்கத் தடை. சவர்க்காரத்துக்கே தடை என்றால் பிறேக் எம்மாத்திரம்.

பெற்றோல் கிடைக்காமல் ஒஸ்டின்கள் மண்ணெண்ணெய் குடித்து இருமி இருமிப் படுத்துவிட்டன. இந்தப் பக்கத்தில் பிள்ளைப்பேற்றுக்கும் பாம்புக்கடிக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது எங்கள் கார் ஒன்றுதான். வயிற்றுப்பிள்ளைக்காரிகளை ஏற்றினால் அண்ணியும் முன்சீற்றில் ஏறிவிடுகிறா. பின்னுக்குத் திரும்பி அவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு வருவா. பிறேக் இல்லாத காரில் இரண்டு உயிரையும் அண்ணியையும் ஏற்றிக்கொண்டு போக என் நெஞ்சு பதறுகிறது. நீ வேலை செய்வது காருக்குச் சாமான் விற்கும் கடையில். எப்படியாவது ஒரு சோடி தட்டு அனுப்பு.

இப்படிக்கு,
அண்ணை இராசநாயகம்

தம்பி, அண்ணி எழுதுறன். காருக்குப் பிறேக் இல்லையெண்டு எழுதியிருப்பார். அவருக்கே பிறேக் இல்லை, கதைக்கத் தொடங்கினால் நிக்கமாட்டார். நீ நேரத்துக்குச் சாப்பிடு. கடைச் சாப்பாட்டோடை ஒரு முட்டையாவது சேர். உனக்கு ஒரு பொம்பிளை பாத்து வைச்சிருக்கிறன், கரவெட்டிப் பிள்ளை. குடும்பத்தோடை இப்ப உன்னைப்போலை கொழும்பிலைதான். பிறகு எழுதுறன்.
பூரணம்


வெள்ளவத்தை
19.03.1993

அன்புள்ள அண்ணைக்கும் அண்ணிக்கும்,

நான் நல்ல சுகம். உங்கள் இருவரின் சுகத்துக்கும் கதிரேசன் கோயிலில் ஒரு அருச்சனை செய்தேன். கடிதம் வர ஒரு மாதம் எடுத்தது. படித்ததும் அன்றைக்கே பஞ்சிகாவத்தைக் கடைத்தெரு முழுவதும் அலைந்தேன். எங்கள் கடையில் இல்லை, எட்டாவது கடையில் கிடைத்தது. பெட்டி உடைக்காத புதுத்தட்டு, ஒரு சோடி.

இரண்டையும் ஒருவரிடம் கொடுத்தால் பிடிபட்டால் இரண்டும் போய்விடும். இங்கே எல்லோரும் இப்போது அப்படித்தான் செய்கிறோம் அண்ணை. மருந்தோ, பற்றறியோ, எதுவானாலும் பிரித்து இரண்டு பேரிடம் கொடுப்பது. ஒன்று போனாலும் ஒன்று சேரும். ஆகவே ஒரு தட்டைச் சின்னத்தங்கம் அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். அவ அச்சுவேலிக்கே வருகிறா. கேக் ரின்னின் அடியில் தட்டு, அதன்மேல் எண்ணெய்க் கடதாசி, அதன்மேல் கேக். மற்றதை யாழ்ப்பாணம் கொழும்புத்துறை யாகப்பு அண்ணையின் சீனி மூட்டைக்குள் புதைத்துவிட்டேன். அவர் அடுத்த கிழமை வெளிக்கிடுகிறார்.

அண்ணி, நான் முட்டை சாப்பிடுகிறேன். அம்மா போன பிறகு எனக்குச் சோறு தீத்தி வளர்த்தது நீங்கள். உங்களுக்குப் பொய் சொல்வேனா? கரவெட்டிப் பிள்ளை கறுப்பா சிவப்பா என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் அன்புத் தம்பி,
தியாகு


அச்சுவேலி
11.04.1993

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு யாவரும் நலம். உன் நலத்தையும் அறிய ஆவல். வரப்போகிற வருடப்பிறப்புக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

சின்னத்தங்கம் வந்து சேர்ந்தா. ஆமிச் சாவடியில் நின்ற சின்னப் பெடியன் ரின்னைத் திறந்து பார்த்து, ஒரு துண்டு வெட்டித் தின்றுவிட்டு விட்டுவிட்டானாம். இன்னும் ஒரு துண்டு வெட்டியிருந்தால் கத்தி இரும்பில் முட்டியிருக்கும். அந்த மனுசிக்கு அன்று போன மூச்சு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. தட்டைத் துடைத்துப் பார்த்தேன், முகம் தெரிகிறது. இரண்டாவது வந்ததும் பூட்டலாம் என்று துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். யாகப்பு இன்னும் வரவில்லை. அவரிடம் ஆளனுப்பினேன், வீட்டிலும் இல்லையாம்.

இதற்கிடையில் இரண்டு பேற்றுக்கு ஓடினேன். ஊர்ந்துதான் போனேன். சைக்கிள்காரர் என்னை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

அண்ணை,
இராசநாயகம்

தம்பி, கேக் நல்ல ருசி. ஆனால் இரும்புக் காறல் மணம். அண்ணை தட்டைப் பாக்கிற பார்வை, கலியாணம் கட்டின புதுசிலை என்னையும் அப்பிடிப் பாக்கயில்லை. பொம்பிளை மாநிறம். கேள்வி கேக்கிற மாப்பிள்ளையின்ரை நிறம் என்னெண்டு பொம்பிளை வீட்டுக்காரரும் கேக்கினம்.
பூரணம்


வெள்ளவத்தை
24.04.1993

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம். நீங்களும் அண்ணியும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இதை நாளை வருகிற ஒருவரிடம் கையில் கொடுத்து அனுப்புகிறேன், கெதியாகக் கிடைக்கும்.

யாகப்பு அண்ணை பிடிபட்டுவிட்டார். சீனி மூட்டையைக் கம்பியால் குத்திப் பார்த்திருக்கிறார்கள். தட்டைப் பறித்து, இரண்டு நாள் இருத்தி வைத்து, நாலு அடியும் கொடுத்து விட்டிருக்கிறார்கள். ஆள் திரும்பி இங்கே வந்து ஒரு கிழமை படுத்துவிட்டுப் போன வியாழன்தான் ஊருக்கு வெளிக்கிட்டார். என் முகத்தைப் பார்க்கவே வெட்கப்பட்டார் பாவம்.

இன்னொரு தட்டுத் தேடினேன், கொழும்பில் இல்லை. கப்பலில் வர மூன்று மாதமாகும் என்கிறார்கள். அதுவரை பிறேக் இல்லாமல் ஓட வேண்டாம். இருக்கிற ஒன்றைப் பூட்டுங்கள். இடப்பக்கத் தட்டில்தான் ஆழமான கீறல் என்று எழுதியிருந்தீர்கள், அதற்கே போடுங்கள். எங்கள் முதலாளி, சோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றவே கூடாது என்கிறார். அவர் விற்கிறவர், வேறு எப்படிச் சொல்வார்? ஒரு பக்கம் கொஞ்சம் இழுக்கும், ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டால் சரி. நாள் முழுக்க இதோடுதான் நிற்கிறேன், எனக்குத் தெரியும். ஒன்றும் நடக்காது. நான் சொல்கிறேன், பூட்டுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. என் நிறமும் மாநிறம் என்றே பெண் வீட்டாரிடம் சொல்லட்டும்.

தம்பி,
தியாகு


அச்சுவேலி
12.05.1993

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுதினபடியே இடப்பக்கத்துக்குப் பூட்டிவிட்டேன். சந்தோசத்தில் சுகம் விசாரிக்க மறந்துவிட்டேன். நாங்கள் சுகம், நீ சுகமா?

முற்றத்து மாமரத்தடியில் காரை நிறுத்தி, ஜக் அடித்துச் சில்லைக் கழற்றினேன். பழைய தட்டின் நாலு போல்ற்றும் துருவேறி அசையவில்லை. ஒரு நாள் முழுக்க மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, மறுநாள் ஸ்பானர் சாவிக்குக் குழாய் மாட்டித் தொங்கித்தான் திருப்பினேன். புதுத்தட்டில் கடைக்காரன் பூசிய எண்ணெயோடு உன் கேக்கின் நெய்யும் ஒட்டிக்கிடந்தது. ஸ்ராட் பண்ண வைத்திருக்கிற பெற்றோலில் ஒரு மூடி எடுத்துத் துணியில் நனைத்துத் துடைத்தேன். "மனிசருக்கு ஒரு சொட்டு இல்லை, இரும்புக்கு முகம் கழுவுறியள்" என்று அண்ணி ஏசினா.

பிறேக் குழாயையும் கழற்ற வேண்டி வந்ததால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. அதை எடுக்க ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே கிடந்து ஆணியைத் திறந்து மூட வேண்டும். அண்ணியைச் சாரதி சீற்றில் ஏற்றினேன். சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறி இருந்தா. நான் கீழே கிடந்து "அமத்து, விடு" என்று கத்த, அவ மிதிக்க, கடைசியில் பெடல் கல்லுப் போல நின்றது. ஓடிப் பார்த்தேன். இடப்பக்கம் கொஞ்சம் இழுக்கிறதுதான். கைக்குப் பழகிவிடும். இனிப் பயமில்லாமல் ஓடலாம்.

அண்ணை,
இராசநாயகம்

தம்பி, ஒருநாள் முழுக்க "அமத்து, விடு". நான் விட்டால் "அமத்து" எண்டுறார், அமத்தினால் "ஆர் இப்ப அமத்தச் சொன்னது" எண்டுறார். இருவத்தெட்டு வருசமாய் இதுதான். கால் வீங்கிப்போச்சுது, ஆனால் கார் நிக்குது. நீ சொன்னதாலை வந்த புண்ணியம். பிள்ளைத்தாச்சியள் உனக்கும் வாழ்த்துச் சொல்லவேணும்.
பூரணம்


அச்சுவேலி
15.08.1993

தம்பிக்கு,

சுகம். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. உடனே பதில் போட முடியவில்லை, மன்னித்துக்கொள். கடிதம் கொண்டுவருகிற ஆட்களும் ஒழுங்காக வருவதில்லை.

கார் கொஞ்ச நாளாக ஓடவில்லை. அதில் சில வேலை இருக்கிறது. இன்னொரு தட்டுத் தேடி நீ அலைய வேண்டாம். கப்பலில் வந்தாலும் வாங்காதே.

அண்ணி சுகம். கண்ணில் கொஞ்சம் குறை, எழுத முடியவில்லை. உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னா.

அண்ணை


வெள்ளவத்தை
12.09.1993

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். மூன்று மாதத்துக்குப் பிறகு உங்கள் கையெழுத்தைக் கண்டதும் கும்பிட்டேன். ஆனால் கடிதத்தைப் பார்த்தால் தந்தி போல இருக்கிறது. உங்களுக்குக் கதைக்கத் தொடங்கினால் நிற்கத் தெரியாது என்று அண்ணி எழுதியதை இனி யார் நம்புவது?

அண்ணிக்குக் கண்ணில் என்ன? வெள்ளை படர்ந்திருக்கிறதா? டொக்டரிடம் காட்டினீர்களா? ஒரு வரி எழுத முடியாவிட்டாலும் பெயரையாவது கீறச் சொல்லுங்கள். அவவின் எழுத்தில்லாத கடிதம் உப்பில்லாத கறி. கரவெட்டிப் பிள்ளையின் வீட்டுக்குப் போய்வந்தேன். பிள்ளை நல்ல பிள்ளை. தேநீரைத் தந்துவிட்டு, "உங்கடை அண்ணி உங்களைப் பற்றி ஆறு பக்கம் எழுதினவ" என்று சிரித்தது. எனக்கே ஆறு வரிக்குமேல் எழுதியதில்லை, பாருங்கள்.

காருக்கு என்ன வேலை? அந்தத் தட்டுப் பிடிக்கிறதா இல்லையா? அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லையே.

தம்பி,
தியாகு


அச்சுவேலி
20.11.1993

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். மழை தொடங்கிவிட்டது. நீ சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

கார் திரும்ப ஓடத் தொடங்கியிருக்கிறது. நான் விட்டாலும் ஊர் விடவில்லை. பிள்ளைப்பேற்று நோக் கண்ட பெண்பிள்ளைகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிடுகிறார்கள். நான் என்ன செய்ய? இடப்பக்கம் இருந்த புதுத்தட்டைக் கழற்றிப் பழையதையே திருப்பிப் பூட்டியிருக்கிறேன். தேய்ந்தாலும் இரண்டும் ஒரே மாதிரித் தேய்ந்திருந்தால் கார் நேராகவாவது போகும். பெடலை மிதிக்க ஆளில்லாததால் பெடலுக்கும் சீற்றுக்கும் நடுவில் ஒரு பூவரசம் தடியை முண்டு கொடுத்துத்தான் காற்றெடுத்தேன். தடி வழுகி வழுகி விழுந்தது. ஒரு மணித்தியாலத்து வேலைக்கு ஒரு நாள் போய்விட்டது.

அண்ணி கரவெட்டிக்குத் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தா. அதனால்தான் தடி. கண் இப்போது பரவாயில்லை.

பிள்ளை நல்ல பிள்ளை என்றால் தள்ளிப் போடாதே. நல்ல நாள் பார்.

அண்ணை,
இராசநாயகம்


வெள்ளவத்தை
05.01.1994

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம், உங்கள் சுகமறிய ஆசை. கடிதம் கிடைத்தது.

கலியாணத்துக்கு ஆனி மாதம் நாள் வைத்திருக்கிறோம். பெரிய ஆரவாரம் இல்லை, கோயிலில் தாலி கட்டிப் பத்துப் பேருக்குச் சாப்பாடு. கூறைச் சேலை எந்த நிறத்தில் எடுப்பது என்று பெண் வீட்டார் கேட்கிறார்கள். அதை அண்ணிதான் சொல்ல வேண்டும் என்று விட்டேன். அண்ணி தன் கையால் இரண்டு வரி எழுதட்டும். அது வரும்வரை நான் சேலைக் கடைக்குப் போகமாட்டேன்.

வருகிற பொங்கலுக்கு அண்ணி என்ன செய்தா, எத்தனை மணிக்குப் பொங்கல் பொங்கியது, எந்தப் பக்கம் வழிந்தது எல்லாம் ஒன்றும் விடாமல் எழுதுங்கள் அண்ணை. சின்ன விசயம் என்று விடாதேங்கோ. எனக்கு எல்லாம் வேணும்.

தம்பி,
தியாகு


அச்சுவேலி
27.02.1994

தம்பி,

சுகம் என்று எழுதி எழுதிக் கை அழுகிவிட்டது. இந்தக் கடிதத்தில் அந்தச் சொல் இல்லை. இரண்டு வரி எழுதக் கேட்டாய். எழுதுகிற கை இல்லையடா.

அண்ணி செத்துப்போனா. போன வருடம் மே மாதம் இருபத்தெட்டாம் திகதி, வெள்ளிக்கிழமை.

நல்லம்மாவின் மகள் குணலட்சுமிக்கு நோக் கண்டது, தலைப்பிள்ளை. மருத்துவிச்சி தன்னால் ஏலாது என்றுவிட்டா. தாயும் மகளும் பின்சீற்றில், அண்ணி வழமைபோல முன்னால். அந்தப் பெட்டை போட்ட சத்தம் கேட்க முடியவில்லை. "கெதியா விடுங்கோப்பா" என்றா அண்ணி. முன்பென்றால் ஊர்ந்துதான் போயிருப்பேன். இப்போது பிறேக் பிடிக்கிறது என்ற தைரியம், விரட்டிக்கொண்டு போனேன். நீர்வேலி தாண்டி ஒரு மதகடியில் விறகு கட்டின சைக்கிள் ஒன்று பக்கத்துச் சின்ன ஒழுங்கைக்குள்ளால் குறுக்கே வந்தது. முழுக்காலாலும் மிதித்தேன். மெல்ல மிதிக்கிறபோது கொஞ்சமாக இழுத்தது, முழுதாக மிதித்ததும் ஸ்ரியறிங்கைப் பறித்துக்கொண்டு இடப்பக்கம் திரும்பியது. மதகுக் கட்டில் மோதியது அவ இருந்த பக்கம்.

சைக்கிள்காரனுக்கு ஒன்றுமில்லை. பின்னால் இருந்தவர்களுக்குச் சிராய்ப்பு. லொறி ஒன்று வந்து எல்லோரையும் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனது. குணலட்சுமிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. அதைச் சொன்னபோது அண்ணிக்கு நினைவிருந்தது. சிரித்தா. பின்னேரம் வரை கதைத்தா. கடைசியாக என்னைக் கிட்டக் கூப்பிட்டுச் சொன்னா: "தம்பிக்கு இதை எழுதிப்போடாதேங்கோ. தன்னாலைதான் எண்டு நினைச்சே அவன் செத்துப்போவான்."

அவ கேட்ட கடைசிக் காரியம். அதற்காகத்தான் இவ்வளவு பொய்யும். கொழும்புக்கு வெளிக்கிடுகிற ஊர்ச்சனம் எல்லோரிடமும் வாசலில் போய் நின்று, தம்பியைக் கண்டால் வாய் திறக்காதேங்கோ என்று கெஞ்சினேன். பிள்ளையில்லாத எங்களுக்கு நீதான் பிள்ளை. "எனக்குக் கொள்ளி வைக்கத் தியாகு இருக்கிறான்" என்று அவ எத்தனை தரம் சொல்லியிருப்பா. கடைசியில் நான் வைத்தேன். கீரிமலைக்குப் போக வழியில்லாததால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியைப் பருத்தித்துறைக் கடலில் முடித்தேன். உன்னிடமிருந்து அதையெல்லாம் நான் களவெடுத்துவிட்டேன்.

இன்னொன்று. நீ சித்திரையில் எழுதிய கடிதம் என் கைக்கு வந்தது நான் பூட்டி முடித்த பிறகுதான். ஒற்றைத் தட்டை இடப்பக்கம் பூட்டியது என் சொந்தப் புத்தி. இருபத்தாறு வருடம் கார் ஓடினவன், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதில் உனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை நீ நம்பவேண்டும்.

துடக்கு வருடத்துக்குள் எங்கள் வீட்டில் நல்ல காரியம் இல்லை. ஆனி என்று நாள் வைத்திருக்கிறாய், அதற்குள் திவசம் முடிந்துவிடும். கூறையை நீயே பார்த்து எடு.

அண்ணை


வெள்ளவத்தை
26.03.1994

அன்புள்ள அண்ணைக்கு,

எனக்குத் தெரியும்.

ஐப்பசியில் யாகப்பு அண்ணை கொழும்புக்கு வந்தார். ஊரில் இல்லாமல் அங்கே கொழும்புத்துறையில் இருக்கிறவரின் வாசலுக்கு நீங்கள் போயிருக்கமாட்டீர்கள். கடைக்குள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அந்தத் தட்டை நான் கொண்டுபோய்ச் சேத்திருந்தால் உன்ரை அண்ணி இண்டைக்கு இருந்திருப்பா" என்று அழுதார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கினபோது கடை வாசலிலேயே இருந்துவிட்டேன். அன்று முகத்துவாரக் கடலில் தலைமுழுகினேன். தனியே.

உடனே உங்களுக்கு எழுதக் கடதாசி எடுத்தேன். முடியவில்லை. உங்கள் கடிதங்களில் அண்ணி உயிரோடு இருந்தா அண்ணை. கண்ணில் குறையோடு, கரவெட்டியில், எப்படியோ இருந்தா. நான் எழுதிவிட்டால் அதுவும் இல்லாமல் போய்விடும். அதனால்தான் பொங்கல் எந்தப் பக்கம் வழிந்தது என்று கேட்டேன். இன்னொரு மனமோ, நீங்களாகச் சொல்லமாட்டீர்களா என்று காத்திருந்தது. கூறையைப் பற்றி இரண்டு வரி கேட்டது கொடுமை என்று தெரிந்துதான் கேட்டேன். பூவரசம் தடியைப் பற்றி நீங்கள் எழுதிய வரியை எத்தனை தரம் படித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பெண் வீட்டார் தைக்குள் முடிக்கச் சொன்னார்கள். ஆட்டைத் திவசத்துக்குப் பிறகுதான் என்று ஆனிக்கு மாற்றியது நான். கரவெட்டிப் பிள்ளைக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். அண்ணி எழுதிய ஆறு பக்கத்தையும் எடுத்து வந்து எனக்குத் தந்தது.

கடையில் யாராவது ஒற்றைத் தட்டுக் கேட்டால் நான் விற்பதில்லை. முதலாளி ஏசுகிறார். ஏசட்டும், அவர் சொன்னதை அன்றைக்கு நான் கேட்கவில்லை.

என் கடிதம் பிந்தி வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மே மாதக் கடிதம் என் பெட்டிக்குள் இருக்கிறது அண்ணை. அதன் முதல் வரி, "நீ எழுதினபடியே இடப்பக்கத்துக்குப் பூட்டிவிட்டேன்." அண்ணி செத்த பிறகும் எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். வேண்டாம்.

வைகாசியில் வருகிற திவசத்துக்கு நான் வருகிறேன். பாதை திறந்தாலும் பூட்டினாலும் கிளாலியில் வள்ளம் ஏறி வருவேன். கொள்ளிதான் வைக்கவில்லை, பிண்டமாவது என் கையால் வைக்கவிடுங்கள். அண்ணியைக் கொன்ற கை, அது வைக்கக் கூடாது என்று நினைத்தால் வேண்டாம் என்று ஒரு சொல் எழுதிவிடுங்கள். பதில் வராவிட்டால் வரச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவேன்.

உங்கள் தம்பி,
தியாகலிங்கம்


அச்சுவேலி
24.04.1994

தம்பி,

பதில் எழுதாமல் விட்டாலே நீ வந்துவிடுவாய். ஆனாலும் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஓம், உன் கடிதம் வந்த பிறகுதான் பூட்டினேன். அதைப் படித்துப் போட்டு, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன். தம்பிக்குத் தெரியும் என்று அண்ணியும் சொன்னா. நீ எழுதினாய், நான் பூட்டினேன், அவ பெடலை மிதித்தா. அதுதான் உண்மை. இனி இதில் ஒரு சொல்லையும் நான் மாற்றமாட்டேன்.

வைகாசி வளர்பிறை அட்டமி. முதல் நாளே வந்துவிடு. கோயிலடியில் பஸ் நிற்காது, சந்தியில் இறங்கி நட, நான் காரில் வரமாட்டேன். பிண்டத்துக்குச் சோறு குழைக்கிறபோது ஒரு கை உன்னுடையது, ஒரு கை என்னுடையது. இவ்வளவு நாளும் தனியே அழுதது போதும்.

வா ராசா.

அண்ணை